கடையில் வாங்கி ஈபேயில் விற்பது: ஏலம் விடலாமா, விலை போட்டு விற்கலாமா?

டார்கெட்டிலும் வால்மார்ட்டிலும் கிளியரன்ஸ் தள்ளுபடியில் வாங்கி, ஈபே என்ற இணையச் சந்தையில் ஏலம் விட்டுக் காசு பார்க்கலாம் என்ற ஆசை அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு உண்டு. வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்து விழும். "இந்த லெகோ செட் டார்கெட்ல 35 டாலர், ஈபேல 65க்குப் போகுது" என்று கீழே ஒரு வரி. உடனே மனக்கணக்கு ஓடும்: ஒரு டப்பாவுக்கு 30 டாலர், பத்து டப்பாவுக்கு 300. அந்த முப்பதில் எவ்வளவு கைக்கு வரும் என்பது, வாங்கியதை எந்த வழியில் விற்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஈபே ஏலம், ஈபேயிலேயே நிலையான விலை, அமேசான் கிடங்கு, ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் மூலம் உள்ளூர் விற்பனை என்று நான்கு வழி இருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையில் வாங்கிய புதுப் பொருளுக்கு ஏலம் பெரும்பாலும் சரிப்படாது. அது சரிப்படும் சந்தர்ப்பங்கள் சில உண்டு, அவற்றை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

ஏலம் எதற்கு என்று கொஞ்சம் யோசிப்போம். சென்னை காசிமேட்டில் மீனை ஏலம் விடுகிறார்கள். அன்றைக்கு என்ன மீன், எவ்வளவு, எந்தத் தரத்தில் வந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரியும், விலையும் அங்கேதான் பிறக்கிறது. அதே தெருவில் மளிகைக்கடைக்காரர் பிஸ்கட் பாக்கெட்டை ஏலம் விடுவதில்லை. ஈபேயும் அப்படித்தான் ஆரம்பித்தது. 1995-ல் பியர் ஒமிட்யார் 'ஆக்‌ஷன்வெப்' என்ற பெயரில் தளத்தைத் தொடங்கியபோது அதில் முதலில் விற்றது ஓர் உடைந்த லேசர் பாயிண்டர், 14.83 டாலருக்கு. உடைந்த லேசர் பாயிண்டருக்கு என்ன விலை என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. அதற்கு ஏலம் பொருத்தம். டார்கெட்டில் வாங்கிய லெகோ டப்பாவின் விலையோ யார் வேண்டுமானாலும் ஃபோனில் பார்த்துக்கொள்ளக்கூடியது. ஏலம் கேட்க வருகிறவர் அமேசானில் அதன் விலையைப் பார்த்துவிட்டு, அதைவிடக் குறைத்துத்தான் கேட்பார். கூட்டிக் கேட்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

ஈபே ஏலத்தின் உள்வேலையைப் புரிந்துகொண்டால் ஆபத்து இன்னும் தெளிவாகத் தெரியும். கேட்பவர் தன் உச்ச விலையை உள்ளே எழுதி வைத்துவிடுகிறார். அது வெளியே தெரியாது. அடுத்தவர் கேட்கும்போது, இவரை முன்னணியில் வைக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் ஈபே தானாக ஏற்றுகிறது. ஒருவர் 60 டாலர் வரை தரத் தயார், இன்னொருவர் 42 வரை தயார் என்றால் ஏலம் 43-ல் முடியும். முதலாமவர் மனதில் இருந்த 60 உங்களுக்கு வராது. அதாவது, உங்கள் விலையைத் தீர்மானிப்பவர் வாங்குகிறவர் இல்லை, அவருக்கு அடுத்து நின்றவர். அந்த இரண்டாவது ஆள் வராமலே போய்விட்டால்? 99 சென்ட்டில் தொடங்கிய ஏலம் 99 சென்ட்டிலேயே முடியும், நீங்கள் பொருளை அனுப்பித்தான் ஆக வேண்டும்.

குறைந்த விலையில் தொடங்கினால் கூட்டம் சேரும் என்று பலர் சொல்வார்கள். ஏழு நாள் ஏலத்தில் ஆறரை நாள் ஒன்றும் நடக்காது. 'வாட்ச்' போட்டு வைத்திருப்பவர்களின் எண்ணிக்கை மட்டும் ஏறும். விவரமானவர்கள் கடைசிச் சில நொடியில்தான் கேட்பார்கள், அதற்கென்றே மென்பொருள் வைத்திருப்பவர்களும் உண்டு. உங்கள் ஏலம் முடியும் நேரம் அமெரிக்கக் கிழக்குக் கரையில் நள்ளிரவாக இருந்தாலோ, பெரிய ஃபுட்பால் ஆட்டம் நடக்கும் நேரமாக இருந்தாலோ, அந்தக் கடைசி நொடியில் இரண்டாவது ஆள் இல்லாமல் போகலாம். சரி, மச்சானை விட்டுக் கேட்கச் சொல்லி விலையை ஏற்றலாமே என்று தோன்றும். அது ஈபேயில் தடை செய்யப்பட்டது, மாட்டினால் கணக்கே போய்விடும். குறைந்தபட்ச விலை வைக்கும் வசதி இருக்கிறது, அதற்குத் தனிக் கட்டணம். தொடக்க விலையையே 60 என்று வைத்துவிட்டால் அது ஏறக்குறைய நிலையான விலைதான், கூடவே ஏழு நாள் காத்திருப்பு.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டெக்சாஸில் டாலஸ் பக்கம் வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். லெகோ டப்பா 35 டாலர், விற்பனை வரி 8.25 சதவீதம், ஆக 37.89 டாலர். ஈபேயில் 65 டாலர் என்று விலை போட்டு, அனுப்பும் செலவு இலவசம் என்று அறிவிக்கிறீர்கள். ஈபே கட்டணத்தை உங்கள் 65-க்கு மட்டும் போடாது. வாங்குகிறவர் கட்டும் விற்பனை வரியையும் சேர்த்து, அவர் கொடுக்கும் மொத்தத் தொகைக்குப் போடும். அவர் ஊரில் வரி 8 சதவீதம் என்றால் மொத்தம் 70.20. பெரும்பாலான பொருள்களுக்கு 2025 பிப்ரவரியிலிருந்து கட்டணம் 13.6 சதவீதம், கூட ஒரு ஆர்டருக்கு 40 சென்ட். ஆக 9.95 டாலர். நாலு பவுண்டு எடையுள்ள டப்பாவை நாட்டின் மறுகோடிக்கு அனுப்ப 12 டாலர் என்று வையுங்கள், வெளிப்பெட்டிக்கும் டேப்புக்கும் ஒன்றரை. எல்லாம் கழித்தால் கையில் 41.55. வாங்கிய விலை 37.89-ஐக் கழித்தால் லாபம் 3.66 டாலர். வாட்ஸப் படத்தில் 30 டாலராகத் தெரிந்தது இதுதான்.

அதே டப்பாவை ஏலத்தில் விட்டு அது 52-ல் முடிந்தது என்று வையுங்கள். ஈபே கட்டணம் 8.04, அனுப்பும் செலவு அதேதான். கணக்கு முடிவில் 7.43 டாலர் நஷ்டம். விலை 13 டாலர்தான் குறைந்தது. ஆனால் லாபம் இருந்ததே மூன்றரை டாலர் அளவுக்குத்தான் என்பதால், அந்தச் சரிவை எந்த இடத்திலும் தாங்க முடியாது. கடைப்பொருளை விற்பதில் இடைவெளி இப்படி மெல்லியதாகவே இருக்கும். மெல்லிய இடைவெளி உள்ள பொருளின் விலையை அடுத்து நிற்கும் ஆளின் கையில் கொடுப்பதுதான் ஏலத்தின் மேல் எனக்குள்ள முக்கியமான ஆட்சேபம்.

நிலையான விலையில் இந்தக் கவலை இல்லை. மாதம் 250 பொருள்கள் வரை பட்டியலிடுவதற்குக் கட்டணம் கிடையாது, விற்காவிட்டால் மாதாமாதம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். 'பெஸ்ட் ஆஃபர்' வசதியைத் திறந்து வைத்தால் வாங்குகிறவர் பேரம் பேசலாம், இத்தனைக்குக் கீழே தானாக நிராகரி என்றும் சொல்லி வைக்கலாம். நம் ஊர்ப் பழக்கத்துக்கு ரொம்பப் பொருந்தும் வழி இது. இதன் குறை காலம்தான். இன்றைக்கும் விற்கலாம், மூன்று மாதம் கழித்தும் விற்கலாம். பணம் அதுவரை அலமாரியில் உட்கார்ந்திருக்கும்.

எந்த விலை போடுவது? இங்கேதான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஈபேயில் தேடினால் முதலில் வருவது ஆட்கள் கேட்கும் விலை. யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். பக்கவாட்டில் 'சோல்டு ஐட்டம்ஸ்' என்ற பெட்டியைத் தட்டினால், உண்மையில் விற்றவை மட்டும் பச்சை எண்ணில் தேதியோடு வரும். அந்தப் பட்டியலில் கடைசி ஒரு மாதத்தைப் பாருங்கள். விலையோடு நிறுத்தாமல் எத்தனை விற்றிருக்கிறது, இப்போது எத்தனை பேர் அதையே விற்கிறார்கள் என்று இரண்டையும் பாருங்கள். மாதம் ஐந்து விற்கும் பொருளை எண்பது பேர் பட்டியலிட்டிருந்தால், டப்பா எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் கடையிலேயே வைத்துவிட்டு வரலாம்.

கடைக்குள் பார்வையும் அதற்கேற்ப மாற வேண்டும். டார்கெட்டில் கிளியரன்ஸ் ஸ்டிக்கரின் மேல் மூலையில் சின்னதாக ஒரு எண் இருக்கும்: 15, 30, 50, 70. தள்ளுபடி எத்தனை சதவீதம் என்று அர்த்தம். 30-ல் வாங்கி லாபம் பார்ப்பது கடினம். 70 வரை காத்திருந்தால் பொருள் மிஞ்சாமல் போகலாம். ஆனாலும் நான் காத்திருக்கும் பக்கம்தான். ஸ்டிக்கரை உரிக்கும்போது அட்டை கிழிந்தால் லெகோ சேகரிப்பவர்கள் அதைப் 'புதுசு' என்று ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். மூலை நசுங்கிய டப்பாவும் அப்படியே. அவர்கள் வாங்குவதில் பாதி மதிப்பு அந்த அட்டைப்பெட்டிக்குத்தான். அப்புறம் எடை. அதே 35 டாலரை அரைப் பவுண்டு எடையுள்ள பொருளில் போட்டிருந்தால், அனுப்பும் செலவில் மட்டுமே நாலைந்து டாலருக்கு மேல் மிஞ்சியிருக்கும். புத்தகத்துக்கு அமெரிக்கத் தபாலில் மீடியா மெயில் என்ற தனிச் சலுகைக் கட்டணம் இருக்கிறது. கனமான பொருளில் இறங்கலாம் என்றால் அது புத்தகமாக மட்டும்தான் இருக்க வேண்டும்.

அமேசான் வழி வேறு மாதிரி. சரக்கை மொத்தமாக அவர்கள் கிடங்குக்கு அனுப்பிவிட்டால் கட்டுவது, அனுப்புவது, வாடிக்கையாளரோடு பேசுவது எல்லாம் அவர்கள் பாடு. பெரும்பாலான வகைகளுக்குக் கமிஷன் 15 சதவீதம். நம் டப்பாவுக்குக் கிடங்கிலிருந்து அனுப்பும் கட்டணம் ஏழெட்டு டாலர், நாம் கிடங்குக்கு அனுப்பும் செலவு ஒன்றிரண்டு டாலர் என்று போட்டால் 7 முதல் 9 டாலர் வரை மிஞ்சும். ஈபேயைவிட மேல். மாதம் 39.99 டாலர் கட்டும் திட்டம், அல்லது விற்கும் ஒவ்வொன்றுக்கும் 99 சென்ட் என்று இன்னொரு செலவும் உண்டு.

அதைவிடப் பெரிய சிக்கல் கதவுக்குள் நுழைவது. லெகோ போன்ற பல பிராண்டுகளைப் புதிய விற்பனையாளர் நேராக விற்க முடியாது, அனுமதி வாங்க வேண்டும். யாராவது ஒரு வாடிக்கையாளர் "இது அசல்தானா என்று சந்தேகமாக இருக்கிறது" என்று எழுதிவிட்டால், அமேசான் கேட்பது மொத்த வியாபாரியிடம் வாங்கிய இன்வாய்ஸ். டார்கெட் ரசீதைக் காட்டித் தப்பிப்பது கடினம். கணக்கு முடங்கினால் கிடங்கில் கிடக்கும் சரக்கும் கையில் கிடைக்காமல் நிற்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிடங்கு வாடகையும் ஏறும். மாதம் நூறு பொருளுக்கு மேல் விற்கும் அளவுக்கு வளர்ந்தவர்களுக்கு அமேசான் சரி. வார இறுதியில் இரண்டு கடை ஏறி இறங்குபவருக்கு அங்கே தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உள்ளூர் விற்பனையைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. அதே டப்பாவை மார்க்கெட்பிளேஸில் 50 டாலர் ரொக்கத்துக்குக் கொடுத்தால் லாபம் 12.11 டாலர். ஈபேயில் 65-க்கு விற்றதைப்போல மூன்று மடங்கு. கமிஷன் இல்லை, தபால் இல்லை, வழியில் நசுங்குமோ என்ற பயம் இல்லை. "ஈஸ் இட் அவைலபிள்?" என்று கேட்டுவிட்டு மறைந்துபோகிறவர்கள், வருகிறேன் என்று சொல்லி வராதவர்கள் இந்த வழியின் தலைவலி. காசை ரொக்கமாக வாங்குங்கள். பணம் அனுப்பிவிட்டேன் என்று மின்னஞ்சல் காட்டுபவரிடம் பொருளைக் கொடுக்காதீர்கள், உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்த பிறகு கொடுங்கள். பல ஊர்களில் காவல் நிலைய வாசலிலேயே இதற்கென்று கேமரா வைத்த இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வீட்டு முகவரி கொடுப்பதைவிட அங்கே வரச் சொல்வது நல்லது.

ஏலம் ஜெயிக்கும் இடத்துக்கு வருகிறேன். கடைப்பொருளுக்கே திடீரென்று விலை தெரியாமல் போகும் நாட்கள் உண்டு. 2024 மார்ச்சில் ட்ரேடர் ஜோஸ் என்ற மளிகைக் கடை 2.99 டாலருக்கு ஒரு குட்டித் துணிப்பை விற்றது. கடை திறப்பதற்கு முன்பே வரிசை நின்றது, ஈபேயில் சில நூறு டாலர் வரை கேட்டார்கள். 2011 செப்டம்பரில் டார்கெட் இத்தாலிய நிறுவனமான மிசோனியோடு சேர்ந்து போட்ட துணிவகைகளுக்கு வந்த கூட்டத்தில் டார்கெட்டின் இணையதளமே படுத்துவிட்டது, அன்றே அவை ஈபேயில் குவிந்தன. 2020 நவம்பரில் 499 டாலர் பிளேஸ்டேஷன் 5 அதைப்போல இரண்டு மடங்குக்குப் போனது. இப்படிப்பட்ட முதல் சில நாட்களில் 'சோல்டு ஐட்டம்ஸ்' பட்டியலே மணிக்கு ஒரு விலை காட்டும். நீங்கள் 60 என்று நிலையான விலை போட்டால் ஒரு நிமிடத்தில் எவரோ வாங்கி 110-க்கு விற்பார். கேட்க ஆள் நெருக்கியடித்து நிற்கும்போது இரண்டாவது ஆள் நிச்சயம் இருக்கிறார், மூன்றாவது, நான்காவது ஆளும் இருக்கிறார். அப்போது ஏலம்தான் சரி, அதுவும் ஒரு நாள் அல்லது மூன்று நாள் ஏலம். பத்து நாள் ஏலம் போட்டால் அது முடிவதற்குள் கடை மறுபடி சரக்கை இறக்கிவிடலாம். உற்பத்தி நின்றுபோன பழைய பொருள், அச்சுப்பிழையோடு வந்த பொருள், ஜோடி சேராத பலவற்றைச் சேர்த்துக் கட்டிய ஒரு மூட்டை, இவற்றுக்கும் ஏலம் பொருந்தும். காரணம் ஒன்றேதான். விலை யாருக்கும் தெரியாது.

இதையெல்லாம் சட்டம் அனுமதிக்கிறதா என்று கேட்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். நமக்கு ரொம்ப நெருக்கமான விஷயம் அது. தாய்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்க வந்த மாணவர் சுபாப் கிர்ட்சேங். ஊரில் இருந்த சொந்தக்காரர்கள், நண்பர்கள் மூலம் அங்கே மலிவாக விற்கும் பாடநூல்களை வாங்கி வரவழைத்து ஈபேயில் விற்றார். வைலி பதிப்பகம் 2008-ல் வழக்குப் போட்டது, கீழ்க்கோர்ட்டில் 6 லட்சம் டாலர் கட்டச் சொன்னார்கள். 2013 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில் அதை ரத்து செய்தது. முறையாக விலை கொடுத்து வாங்கிய பிரதியை, அது எந்த நாட்டில் அச்சானதாக இருந்தாலும், வாங்கியவர் மறுபடி விற்கலாம் என்றது தீர்ப்பு. 'இந்தியாவில் விற்பனைக்கு மட்டும்' என்று அட்டையில் அச்சடித்த பாடநூலைப் பெட்டியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறிய எல்லோருக்கும் இது தொடர்புடையது. ஆனால் இது பதிப்புரிமை (காப்பிரைட்) பற்றிய தீர்ப்பு. தயாரிப்பாளரின் வாரண்டி மறுவிற்பனையில் செல்லாது என்ற நிலையில் 'புத்தம் புதிது' என்று விற்றால், டிரேட்மார்க் வழியாக நிறுவனங்கள் சண்டைக்கு வர இடமிருக்கிறது.

விசா இன்னும் முக்கியம். எஃப்-1 மாணவர்கள், வேலை அனுமதி அட்டை இல்லாத எச்-4 துணைவர்கள் லாபத்துக்காகத் தொடர்ந்து வாங்கி விற்பது அனுமதியில்லாத வேலையாகக் கருதப்படலாம். எச்-1பி விசாவில் இருப்பவருக்கும் அனுமதி, மனுப்போட்ட நிறுவனத்தின் வேலைக்குத்தான். வீட்டில் கிடந்த சோபாவை விற்பது வேறு, விற்பதற்கென்றே பத்து டப்பா வாங்குவது வேறு. கிரீன் கார்டு வரிசையில் பல வருடம் நிற்கும் குடும்பம் ஒரு டப்பாவுக்கு மூன்றரை டாலர் லாபத்துக்காக அதைப் பணயம் வைக்கக் கூடாது. முதல் டப்பா வாங்குவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வரியில் இரண்டு விஷயம். 20,000 டாலரும் 200 விற்பனையும் தாண்டினால்தான் ஈபே 1099-கே படிவம் அனுப்ப வேண்டும் என்ற பழைய வரம்பை 2025 சட்டம் மறுபடி கொண்டுவந்துவிட்டது. படிவம் வராவிட்டாலும் லாபத்துக்கு வரி உண்டு, நிகர லாபம் 400 டாலரைத் தொட்டால் சுயதொழில் வரியும் உண்டு. மாநிலத்தில் பதிவு செய்து ரீசேல் சர்ட்டிஃபிகேட் வாங்கினால், கடை அதை ஏற்றுக்கொள்ளும் பட்சத்தில், வாங்கும்போது விற்பனை வரி கட்ட வேண்டாம். நம் கணக்கில் அந்த 2.89 டாலர் மிஞ்சி லாபம் 6.55 ஆகும். ஆனால் அப்போது உள்ளூர் விற்பனையில் வரி வசூலித்துக் கட்டும் பொறுப்பு உங்கள் தலையில். ஈபேயும் அமேசானும் அதைத் தாங்களே செய்துவிடுகின்றன.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு: ஈபே இந்தியா 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. அதோடு, இந்தியாவில் பொட்டலமிட்ட பொருளை அதில் அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம். அமெரிக்கப் பெட்டிகளில் அப்படி ஓர் உச்சவரம்பு அச்சாகி வருவதில்லை. இந்த வியாபாரம் அமெரிக்காவில் நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

உச்சவரம்பு இல்லை என்பதற்காக எதையும் வாரிக்கொண்டு வரலாம் என்று இல்லை. 2020 மார்ச்சில் டென்னஸியில் அண்ணன் தம்பி இருவர் கடை கடையாக ஏறி 17,700 பாட்டில் கைச் சுத்திகரிப்பானை வாங்கிக் குவித்தார்கள். அமேசான் அவர்கள் பட்டியலை நீக்கியது, ஈபே அந்த வகையையே தடை செய்தது, மாநில அரசு விசாரணையில் இறங்கியது, கடைசியில் எல்லாவற்றையும் தானமாகக் கொடுத்தார்கள். பொம்மையும் பையும் வேறு. மருந்து, சுத்திகரிப்பான், குழந்தைப் பால்பவுடர் இவற்றைத் தட்டுப்பாட்டு நேரத்தில் அலமாரியிலிருந்து துடைத்து எடுப்பதை, கணக்கு எவ்வளவு லாபம் காட்டினாலும், என்னால் வியாபாரம் என்று ஒப்புக்கொள்ள முடியாது.

ஒரு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவருக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். கடையில் நிற்கும்போதே 'சோல்டு ஐட்டம்ஸ்' பாருங்கள். கட்டணம், தபால், வரி எல்லாம் கழித்து, வாங்கிய விலையில் கால் பங்காவது மிஞ்சாவிட்டால் வாங்காதீர்கள். மேலே போட்ட 35 டாலர் ஈபே கணக்கே இதில் தேறாது. வாங்கினால் முதல் இரண்டு வாரம் உள்ளூரில் போடுங்கள், அதே நேரம் ஈபேயில் நிலையான விலையும் 'பெஸ்ட் ஆஃபர்' வசதியும் போட்டு வையுங்கள். ஒரு இடத்தில் விற்றதும் மற்றதை உடனே எடுத்துவிடுங்கள். ஊரே தேடும் பொருளாக இருந்தால் மட்டும் அன்றே மூன்று நாள் ஏலம். டார்கெட்டும் வால்மார்ட்டும் பெரும்பாலான பொருள்களை ரசீதோடு 90 நாள் வரை திருப்பி வாங்குகின்றன. எலக்ட்ரானிக்ஸுக்குக் காலம் குறைவு, அடிக்கடி திருப்புபவரை மறுக்கும் உரிமையையும் கடைகள் வைத்திருக்கின்றன. அதனால் நாலைந்து டப்பாவுக்கு மேல் வாங்காதீர்கள், ரசீதைப் படம் பிடித்து வையுங்கள், வாங்கிய தேதியிலிருந்து 75-வது நாளை ஃபோன் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்த நாளிலும் பிரிக்காத டப்பா வீட்டில் இருந்தால், ஏலத்தில் தள்ளிவிடாமல் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.